நாலரை மணிக்கு வைத்த விளக்கு

பதினோரு வீடுகள் கொண்ட அந்தக் காம்பவுண்டில் பத்து வீட்டுக்கு நாளுக்கொரு அந்தி வந்து போனது, பதினோராவது வீட்டுக்கு வந்த அந்தி மட்டும் வந்த வழி மறந்ததுபோல் அறுபத்தைந்து நாள் அங்கேயே தங்கிவிட்டது. நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும், யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை. அது ஏன் தங்கியது என்று காம்பவுண்டில் இரண்டே இரண்டு பெண்களுக்குத் தெரியும். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி திறக்காததற்குக் காரணம் வெட்கம். இன்னொருத்தி ஏன் திறக்கவில்லை என்று அவளிடமே கேட்க, வெட்கப்பட்டவளுக்குத் தைரியம் வரவில்லை.

வெட்கப்பட்டவள் பெயர் ராஜகனி. உப்பளத்து எடைமேடையில் வேலை பார்க்கும் ஆறுமுகநயினாரின் பெண்சாதி, நாற்பத்தாறு வயது, பிள்ளைகள் இல்லை. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் சன்னல் இல்லாத ஒரு உள்ளறை, அந்தப் பக்கத்தில் அதை அரங்கு என்பார்கள், சாமான் போட்டு வைக்கிற இடம். மற்ற வீடுகளில் அரங்கு என்றால் பழைய பாயும் உடைந்த மின்விசிறியும் கிடக்கும். ராஜகனியின் அரங்கில் வேப்பிலையும் மிளகாய்வத்தலும் போட்டுக் கட்டிய புழுங்கலரிசி மூட்டை மூன்று, விளக்கெண்ணெய் தடவி வெயில் காட்டிய துவரம்பருப்பு ஒரு டிரம், தோலுளுந்து ஒன்று, வெள்ளையுளுந்து ஒன்று, கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கிய புளி ஒரு பானை, கருப்பட்டி ஓலைப்பெட்டியில், சீனி எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் சம்படத்தில், நல்லெண்ணெய், கடலெண்ணெய், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால்பவுடர், எல்லாவற்றுக்கும் மேலே ஜாடி நிறையக் கல்லுப்பு என்று தரையிலிருந்து பரண் வரைக்கும் அடுக்கு அடுக்காக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கடுகைத் தொட்டுச் சொல்லுவாள். அந்த அறைக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவதே அவளுக்குக் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி.

அவள் பிறவியிலேயே கையிறுக்கம் உள்ளவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் காம்பவுண்டு முழுக்க இவள் அரிசிதான் கொதித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாள், நாலாம் நாள் மூட்டை அடிதட்டியது, ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் பொட்டலம் கொடுத்த வரிசையில் தட்டேந்தி நின்றாள். யாரோ ஒருவன் அதைப் போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோ எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பே அவளை அரித்தது. இனிமேல் தன் அரங்கு காலியாவதைத் தன் கண் பார்க்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு எடுத்தாள். காரணம் இல்லாமல் யார்தான் கெட்டுப்போகிறார்கள்.

முற்றத்துக்கு எதிர்ப்பக்க வீட்டில் அமலோற்பவம் இருந்தாள். எல்லோருக்கும் அமலி. புருஷன் தொம்மை விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், நாலரை வயதில் ரோஸ்லின் என்று ஒரு பிள்ளை. மாசத்தில் பத்து நாள் அமலி ஒரு உழக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவாள். உழக்கு அரிசியோ அரை உழக்குப் பருப்போ வாங்கிப் போவாள், படகு வந்ததும் தலைதட்டாமல் கோபுரமாகத் திருப்பிக் கொண்டுவருவாள், கூடவே ஒரு துண்டு சீலாக் கருவாடும் இருக்கும். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். என்றாலும் ராஜகனி வீட்டு வழக்கம் அவளுக்கு அத்துப்படி. விளக்கு வைத்த பிறகு அரிசி, உப்பு, தயிர், துட்டு எதுவும் நிலைப்படி தாண்டக்கூடாது, தாண்டினால் மகாலட்சுமியும் கூடவே நடந்து போய்விடுவாள். அதனால் எத்தனை முடை வந்தாலும் வெயில் தாழ்வதற்குள் வந்துவிடுவாள். ஒரு நாளாவது அந்தியில் வந்து ராஜகனியைத் தர்மசங்கடத்தில் மாட்டியதில்லை.

துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. படகுகள் கரையில் கிடந்தன, தொம்மை வலைக்கூடத்தில் சீட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார்த்திகை மாசத்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கூண்டு ஏழாம் நம்பராக மாறியது. கடைகளில் ரொட்டி முதல் மெழுகுவர்த்தி வரை துடைத்து எடுத்தாகிவிட்டது. ராஜகனிக்கு மட்டும் கடைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. அரங்கில் உட்கார்ந்து புதிதாக வந்த பருப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், முன்னறைச் சன்னல் வழியாகப் பார்த்தால், அமலி தன் வீட்டு நடையை விட்டு இறங்குகிறாள், ஒரு கை முந்தானைக்குள் இருக்கிறது.

மணி நாலரை. புயலுக்கு முந்தின வெயில் ஒரு மாதிரி மஞ்சளாகச் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ராஜகனியின் மனசு எட்டு எட்டாகப் பாய்ந்தது. இன்றைக்கு ஒரு உழக்கு, நாளைக்கு இன்னொன்று, இவள் வாங்குவதை மூன்றாம் வீட்டு லிங்கம்மா பார்ப்பாள், அவள் ஒரு படி கேட்பாள், அவளுக்குக் கொடுத்தால் பின்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா, ஐந்தாம் நாள் மறுபடியும் தட்டு, மறுபடியும் வரிசை. இல்லை என்று சொல்லலாம்தான். சாமான் இருக்கிற வீட்டில் இல்லை என்று சொன்னால் வீடு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், அப்படியே ஆகட்டும் என்றுவிடும், அதுவும் அவளுக்குத் தெரியும். அமலி முற்றத்தைத் தாண்ட இருபது எட்டு வைக்க வேண்டும். அந்த இருபது எட்டுக்குள் ராஜகனி எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடி, திரியைத் தூண்டி, குத்துவிளக்கை ஏற்றிவிட்டாள்.

அமலி நடையில் வந்து நின்றாள். விளக்கைப் பார்த்தாள்.

“விளக்கு வச்சிட்டியளாக்கா,” என்றாள்.

ராஜகனி ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் விலகி நின்றாள், அவ்வளவுதான். விலகியதில் விளக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அமலி திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். கிணற்றுச் சுவரின் நிழல் பட்டப்பகல் நிழலாக விழுந்து கிடந்தது. கொடியில் காயப்போட்ட துணிகளில் வெயில் கண் கூசியது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி விளக்கைப் பார்த்தாள். ராஜகனியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“சரிக்கா, சும்மாதான் வந்தேன். கதவை நல்லா சாத்திக்கிடுங்க, ராத்திரி காத்து பலமா இருக்கும்னு சொல்லுதாவ.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாசலில் இருந்து திரும்பியவளுக்கு இன்னொரு வாசல் ஏறக் கால் வராது, அவள் நேராகத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். ராஜகனி கதவை நன்றாகச் சாத்திக்கொண்டாள்.

புயல் அன்றைக்கு ராத்திரியே வந்தது. வேம்பு ஒன்றைச் சாய்த்தது, நாலு வீட்டு ஓட்டைத் தூக்கியது, இரண்டு நாள் மழையை அள்ளிக் கொட்டிவிட்டு வந்த சுருக்கில் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையிலேயே நிவாரண அரிசி வந்து இறங்கிவிட்டது. தட்டும் இல்லை, வரிசையும் இல்லை, ராஜகனியின் மூட்டைகளில் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டிவரவில்லை. அந்த மூன்றாம் நாள்தான் காம்பவுண்டு முழுக்க வெயில் விரிந்தபோது பதினோராவது வீட்டுக்குள் மட்டும் வெயில் நுழையவில்லை என்பதைப் பார்த்தார்கள். நிலைப்படிக்கு வெளியே காலை பத்து மணி, நிலைப்படிக்கு உள்ளே சாயங்காலம் ஆறேகால். சுவரெல்லாம் சாம்பல் நீலம் படர்ந்து, மூலையில் கொசு பாடிக்கொண்டு, கூடு திரும்பும் காக்கைச் சத்தம் எங்கிருந்தோ மெல்லக் கேட்டுக்கொண்டு, நடுவில் குத்துவிளக்கு அலுங்காமல் எரிந்துகொண்டு இருந்தது. எண்ணெய் குறையவில்லை. ராஜகனி முறைப்படி பூவால் ஒற்றி அதை அமர்த்திப் பார்த்தாள். சுடர் தலையைக் குனிந்துகொண்டது, பூவை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

முதலில் லிங்கம்மாவின் கோழிகள் வந்தன. பத்து மணிக்கு வாசலோடு போனவை உள்ளே எட்டிப் பார்த்து, அடைகிற நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று வரிசையாகப் போய்க் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டன. கோழிகளைத் தேடிக்கொண்டு லிங்கம்மா வந்தாள். லிங்கம்மா வந்தால் பேப்பரில் போட்ட மாதிரிதான், அரை மணி நேரத்தில் தெருவே வந்துவிட்டது. கரண்ட் ஆபீஸ்காரர் வந்து கம்பியைத் தட்டிப் பார்த்து, லைனில் கோளாறு இல்லை, பல்பு போட்டால் எரிகிறது, எரிந்தாலும் அந்தி போகமாட்டேன் என்கிறது, இது எங்கள் இலாகா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுமுகநயினார் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அது சரியாகத்தான் ஓடியது. ஒரு வாரத்தில் ஆச்சரியம் தீர்ந்து, அப்புறம் ஒழுங்குமுறைகள் பற்றிய வழக்கு ஆரம்பித்தது, ஏனென்றால் விளக்கு வைத்த வீட்டுக்கு எத்தனை விதிகள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கிக் குப்பையை வெளியே தள்ளக்கூடாது. ஆகவே ராஜகனி குப்பையைக் கூட்டி மூலையில் குவித்தாள், மூலை நாளுக்கு நாள் வளர்ந்தது. தலைவாரக்கூடாது, அவள் சீப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நகம் வெட்டக்கூடாது, ஆறுமுகநயினார் நடுத்தெருவில் நாற்காலி போட்டு வெட்டினார். அந்தியில் படுக்கக்கூடாது, மூதேவி பிடிக்கும். அதனால் புருஷனும் பெண்சாதியும் நாள் தவறாமல் முற்றத்தில் பாய் விரித்தார்கள். ஆனால் அனல்மின் நிலையத்தில் ராத்திரி வேலை பார்க்கும் முருகேசபாண்டி, பகலில் வெளிச்சத்தில் தூக்கம் வராமல் பத்து வருஷமாகக் கண் சிவந்து திரிகிறவன், அந்த வீட்டில் ஒரு மணி நேரம் தலை சாய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது பஞ்சாயத்து கூடியது. மூதேவி வீட்டுக்காரர்களைத்தான் பிடிப்பாள், விருந்தாளியைப் பிடிக்கமாட்டாள் என்று லிங்கம்மா தீர்ப்புச் சொன்னாள். அதற்கப்புறம் அழுகிற கைப்பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்த் தூங்கவைத்தார்கள். பூக்காரி மொட்டுப் பிச்சிப்பூவைப் பத்து மணிக்கு வைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு விரிந்ததாக எடுத்துப் போனாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஏழாம் வீட்டுப் பெண்ணுக்கு அம்மா ஞாபகம் வந்தால், அழுவதற்குப் பொருத்தமான நேரம் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று வந்து, சுவரோரம் சாய்ந்து அழுதுவிட்டு முகம் கழுவிப் போனாள். அந்தி வீடு என்று பேர் விழுந்தது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டார்.

அப்புறம் கும்பிட ஆரம்பித்தார்கள். அணையாத விளக்கு, குறையாத எண்ணெய், இது புண்ணியம் செய்த கை ஏற்றிய விளக்கு என்றார்கள். வெளித்தெருப் பெண்கள் வந்து சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு, ராஜகனியின் காலைத் தொடக் குனிந்தார்கள். அவள் வெந்நீர் பட்டவள் மாதிரி காலை இழுத்துக்கொண்டாள். அடக்கத்தைப் பார், என்றார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர்கள் புகழப் புகழ, அந்த நாலரை மணி வெயில் அவள் மண்டைக்குள் சுள்ளென்று அடித்தது.

இத்தனை பேர் வந்தார்கள், போனார்கள், உட்கார்ந்தார்கள், தூங்கினார்கள், ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. இருபது வருஷமாக அந்த வாசலில், கனி ஒரு கரண்டி புளி, அக்கா ரெண்டு வத்தல், மதினி ஒரு கை கடுகு என்று குரல் விழாத நாள் கிடையாது. இப்போது கறிவேப்பிலைக்குக்கூட ஆள் இல்லை. விளக்கு வைத்த வீட்டில் கேட்கலாமா, கேட்டால் பாவம் இல்லையா. அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நிறைந்த அரங்குக்கு முன்னால் ராஜகனி உட்கார்ந்து, யாராவது எதையாவது கேட்கமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தான் ஆசைப்பட்டபடியே அரங்கு குறையவில்லை. அந்த அறைக்குள் போய் நின்றால் முன்பெல்லாம் வயிறு நிறையும், இப்போது குமட்டியது.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் புருஷனிடம், “என்னங்க, பத்துக் கிலோ அரிசி கட்டி வச்சிருக்கேன், அமலி வீட்டுல வச்சிட்டு வாங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மாதான். பிள்ளை இருக்குல்லா.”

“நீயே கொடுக்க வேண்டியதுதான?”

அவள் பையின் வாயை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் பை திரும்பி வந்தது. அமலியே தூக்கிக்கொண்டு வந்து நிலைப்படிக்கு உள்பக்கமாகப் பார்த்து இறக்கி வைத்தாள்.

“அண்ணாச்சி தெரியாமக் கொண்டாந்துட்டாவக்கா. விளக்கு எரியற வீட்டு அரிசி, வெளிய போனா உங்களுக்குத்தான ஆகாது.”

ராஜகனி அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். கொஞ்சம் குத்தல் இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், ஏச்சு வாங்கினால் பாதிப் பாரம் இறங்கும். ஒன்றும் இல்லை. அவள் உண்மையாகவே ராஜகனிக்கு நல்லது நினைத்துத்தான் அந்தப் பையைத் தூக்கி வந்திருந்தாள்.

தை மாசம் மூன்றாவது வெள்ளிக்கிழமை திருவிளக்குப் பூஜை வைக்க வேண்டும் என்று லிங்கம்மா கிளம்பினாள். காம்பவுண்டு முற்றத்தில் கோலம் போட்டு, ஐம்பத்தொரு விளக்கு வைத்து, எல்லாவற்றையும் அந்தி வீட்டு விளக்கில் இருந்து ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் முன்னால் ராஜகனியை உட்காரவைப்பது என்று ஏற்பாடு. முடியாது என்று ராஜகனி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலை பத்தரை மணிக்கு அவளைப் பட்டுச்சேலை கட்ட வைத்துப் பலகையில் உட்காரவைத்தார்கள். முற்றம் நிறையப் பெண்கள். அமலி தன் வீட்டு நடையில் நின்று வேடிக்கை பார்த்தாள், உள்ளே பால்வாடிக்குப் போகாத ரோஸ்லின் ஏதோ உருட்டி விளையாடும் சத்தம் கேட்டது.

லிங்கம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பேசினாள். “நானும் இருபது வருசமாப் பாக்கேன். இந்த வீட்டுல மகாலட்சுமி சும்மா ஒண்ணும் வந்து உக்காரல. கேட்டு வந்தவளுக்கு ராஜகனி ஒரு நாளும் இல்லைன்னதில்ல.”

“சொன்னேன்,” என்றாள் ராஜகனி.

பெரிய சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டது. லிங்கம்மா திரும்பிப் பார்த்தாள். ராஜகனி பலகையை விட்டு எழுந்து நின்றாள். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லைன்னு வாயால சொல்லல, விளக்க ஏத்திச் சொன்னேன். புயல் அடிச்ச அன்னைக்கு அமலி உழக்கு எடுத்துட்டு வந்தா. நான் சன்னல்ல பாத்தேன். அரங்குல மூணு மூட்டை இருந்துச்சு. மணி நாலரை, வெயில் அடிச்சிக்கிட்டு இருந்துச்சு. அவளுக்குக் கொடுக்கக்கூடாதுன்னே ஓடிப்போயி விளக்க ஏத்தினேன். அது புண்ணியத்துல எரியற விளக்கு இல்ல. அந்த விளக்கு இதுதான்.”

ஒருத்தி தன் விளக்கின் திரியைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள், இன்னொருத்தி பிள்ளையின் சட்டைப் பொத்தானை மாட்டினாள். மனுஷர்கள் பாருங்கள், அதிசயத்தை ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டார்கள், இந்த உழக்கு அரிசி விஷயம் அவர்கள் தொண்டையில் நின்றுகொண்டது. “சரி விடு கனி, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான், பூசை முடியட்டும்,” என்றாள் லிங்கம்மா கடைசியில். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த முருகேசபாண்டி சத்தம் இல்லாததைக் கேட்டு எழுந்து வந்து, விஷயம் தெரிந்ததும், அப்போ இனிமேல் பகலில் எங்கே தூங்குவது என்றான்.

ராஜகனி விளக்குகளுக்கு நடுவில் வழி பார்த்து நடந்து அமலி வீட்டு நடைக்குக் கீழே போய் நின்றாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. இருபது எட்டுதான், அதை நடக்க அறுபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

“அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டிய?” என்று கேட்டாள்.

“எதுக்குக்கா இப்போ அதெல்லாம்.”

“சொல்லு.”

அமலி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லக்கா, பெரிய ஆளுக எப்படியும் இருந்துருவோம். பிள்ளைதான் கேட்டுக்கிட்டே இருந்தா. பெரியம்மா உலை வச்சிருக்காவ, வெந்ததும் சோறு கொண்டாருவாவன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல. அப்புறம் கதவைச் சாத்த விடமாட்டேன்னுட்டா. பெரியம்மா ரெண்டு கையிலயும் பாத்திரத்தோட வருவாவ, கதவை எப்படித் தட்டுவாவன்னு கேக்கா. காத்து அடிக்கி, தண்ணி உள்ள வருது, திறந்த வாசலையே பாத்து உக்காந்திருந்தா. அப்படியே சாஞ்சு தூங்கிட்டா.”

ராஜகனி குனிந்து அந்த வாசல்படியைப் பார்த்தாள்.

“கோவம்லாம் இல்லக்கா,” என்றாள் அமலி. “வெக்கமா இருந்துச்சு. உங்களுக்கு எம்மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்குமேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் யார்ட்டயும் சொல்லல.”

அப்போதுதான் ராஜகனிக்கு உறைத்தது என்று சொன்னால் அது பொய். அவளுக்கு எப்போதுமே தெரியும். விளக்கு வைத்த பிறகு அரிசிதான் வெளியே போகக்கூடாது, சோறு போகலாம். அந்தியில் பசி என்று வந்தவர்களை உட்காரவைத்துச் சோறு போட்டால் ஏழு தலைமுறைக்குப் புண்ணியம் என்று சொல்வதும் அதே வழக்கம்தான். அந்த நாலரை மணிக்கும் தெரியும், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் தெரியும். மூட்டையாகக் கொடுத்துப் பழியைத் தீர்த்துவிட நினைத்தாளே தவிர, ஒரு உலை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாலரை வயசுப் பிள்ளைக்காகத் தாய் சொன்ன பொய்யில்கூட அவளைவிட நல்லவளான ஒரு ராஜகனி இருந்தாள், உலை வைத்து, வெந்ததும் கொண்டுவருகிறவள்.

அவள் திரும்பி நடந்தாள். அவள் நிலைப்படி தாண்டியபோது, முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, வீட்டுக்குள் அறுபத்தைந்து நாளாக நின்ற அந்தி நகர்ந்து இருட்டியது. பகல் வரவில்லை. அந்திக்குப் பிறகு எது வருமோ அது வந்தது. சுவர்கள் கறுத்தன, காக்கைச் சத்தம் ஓய்ந்தது, விளக்கு ஒரு தரம் துள்ளிவிட்டுத் தானாக அமர்ந்தது, கட்டிலடியில் கோழிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டன. வெளியே பதினோரு மணி வெயிலில் ஐம்பத்தொரு விளக்குகள் வெளிறிப்போய் எரிந்துகொண்டிருந்தன. யாரும் உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. மூட்டையின் சணல் முடிச்சை நகத்தால் கெல்லுகிற சத்தம், அரிசி களைகிற சத்தம், பருப்பைப் பாத்திரத்தில் கொட்டுகிற சத்தம், எங்கேயோ முட்டிக்கொண்டு அவள் ஸ் என்ற சத்தம். கண்ணைக் கட்டினாலும் கடுகைத் தொட்டுச் சொல்லுகிறவள் அன்றைக்கு உப்பைத் தேடிக் கொஞ்ச நேரம் தடவினாள்.

அந்த வீட்டுக்கு மறுபடி எப்போது விடிந்தது என்பதில் காம்பவுண்டில் இன்னும் தகராறு இருக்கிறது. மறுநாள் என்கிறாள் லிங்கம்மா, நாலு நாள் ஆயிற்று என்று முருகேசபாண்டி அடித்துச் சொல்கிறான், அவன் அந்த நாலு நாளும் நன்றாகத் தூங்கியவன். அது நமக்கு முக்கியம் இல்லை. விடிவதற்கு முன்னாலேயே, உள்ளே நட்டநடு ராத்திரியும் வெளியே உச்சிவெயிலுமாக இருக்கும்போதே, ராஜகனி வெளியே வந்துவிட்டாள். பட்டுச்சேலையில் கரி, நெற்றியில் புடைப்பு, ஒரு கையில் சோற்றுப் பானை, ஒரு கையில் பருப்புச் சட்டி. வெயில் கண்ணில் அடித்து அவளுக்கு வழி தெரியவில்லை. பெண்கள் விளக்குகளை இரண்டு பக்கமும் தள்ளி வைத்து வழி விட்டார்கள்.

அமலி உள்ளே போயிருந்தாள், அவள் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. இரண்டு கையிலும் பாத்திரம் இருந்ததால் ராஜகனி தட்ட முடியாமல் நின்றாள். யாரோ வந்து நிற்பது கதவுக்கு அடியில் நிழலாகத் தெரிந்ததோ என்னவோ, கதவு உள்பக்கமாகத் திறந்தது. ரோஸ்லின் நின்றாள். முதலில் பானையைப் பார்த்தாள், அதிலிருந்து ஆவி போவதைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“இப்பத்தான் வெந்துச்சா, பெரியம்மா?” என்றாள்.

ராஜகனிக்கு ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது.

“இல்லட்டி,” என்றாள். “இப்பத்தான் உலையே வச்சேன்.”

ரோஸ்லின் தட்டு எடுத்து வர உள்ளே போனாள்.